இயந்திரமும் கூலியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணிப்பொறியும் தாமே இயங்கும் இயந்திரங்களும் தொழிலையும் தொழிலாளரையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். இவ்விஷயத்தில் இப்பொழுது இருவகைப் பேச்சுகள் நாட்டில் உலாவுகின்றன. ஒரு சாரார், இயந்திரம் எல்லா வேலைகளையும் விழுங்கிவிடும், நம் பிள்ளைகளுக்குப் பிழைப்பே இராது என்று அச்சுறுத்துகின்றனர். மற்றொரு சாரார், ஒரு வேலை போனால் பத்து வேலை வரும், கவலை வேண்டா என்று தாலாட்டுகின்றனர். இவ்விரண்டையும் கேட்டுக் கேட்டு, நம் வீட்டுப் பெற்றோர்கள் பிள்ளைகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் மயங்கி நிற்கின்றனர்.

அறிஞர்களுடைய கணக்குகளும் இவ்வாறே பிரிந்து நிற்கின்றன. 2013ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபிரே, ஆஸ்பார்ன் என்னும் இருவர், அமெரிக்காவின் வேலைகளில் நூற்றுக்கு 47 பங்கு இயந்திரத்தால் அபாயத்துக்கு உட்பட்டவை என்று எழுதினர். மூன்றாண்டு கழித்து, 2016இல், ஓ.இ.சி.டி. என்னும் சர்வதேச ஸ்தாபனத்தின் பொருட்டு ஆராய்ந்தவர்கள் அதே அமெரிக்காவுக்கு நூற்றுக்கு 9 என்றனர். இவ்வளவு வித்தியாசம் ஏன்? முன்னவர் ஒரு தொழிலை முழுமையாக எடுத்துக் கணக்கிட்டனர். பின்னவர் ஒரு தொழிலுக்குள் அடங்கிய பல காரியங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தனர். இயந்திரம் ஒரு தொழிலை ஒரே நாளில் விழுங்குவது அரிது. அத்தொழிலில் அடங்கிய ஒரு காரியத்தை முதலில் எடுத்துக்கொள்கிறது. எந்தக் காரியத்தை எடுத்துக்கொள்கிறது, மிஞ்சிய காரியத்துக்கு என்ன கூலி நிற்கிறது, மிச்சமான லாபம் யாருக்குப் போகிறது என்னும் இம்மூன்று கேள்விகளையே இன்று தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இக்கேள்விகளை விசாரிப்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. பெரிய இயந்திரங்களோடு முதன்முதலில் மோதிய தொழில்களில் தலையாயது நெசவே. தறியின்மேல் அமர்ந்து ஜீவித்த குலத்தில் பிறந்த நமக்கு, இந்தச் சரித்திரம் நம் பங்காளிகளின் சரித்திரமாகும்.

அட்டையும் சிறுவனும்

பூவேலை நெய்யும் தறியில், பாவின் எந்த இழைகளைத் தூக்க வேண்டும் என்பதை அறிந்து கயிறுகளை இழுத்துக் கொடுக்க முற்காலத்தில் ஒரு சிறுவன் வேண்டியிருந்தான். பிரெஞ்சு தேசத்து லியோன் நகரத்தில் பட்டு நெய்தவர்களும் இவ்வாறே செய்து வந்தனர். காஞ்சிபுரத்திலும் அடை கட்டி நெய்த காலத்தில் துணைக்கு ஓர் ஆள் இன்றித் தறி ஓடாது. 1804ஆம் ஆண்டில் ஜக்கார்டு என்னும் லியோன் நகரத்தார், தமக்கு முன்னோர் சிலர் செய்த முயற்சிகளை ஒன்றுசேர்த்து, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு இழைகளைத் தானே தூக்கும் பெட்டி ஒன்றைத் தறியின்மேல் ஏற்றினார். துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், கொக்கி இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடியே கிடக்கும்.

உண்டு அல்லது இல்லை என்னும் இந்த இரண்டே சொற்களால் ஒரு மாங்காயையும் ஒரு மயிலையும் எழுதிவிடலாம் என்று அந்த அட்டை காட்டியது. இதனைக் கண்டே இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்பவர் 1830களில், அட்டையைக் கொண்டு கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைக் கற்பனை செய்தார். 1890ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனத்தொகையை ஹாலரித் என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டே எண்ணினார். அவ்வழியே வந்தது இன்றைய கணிப்பொறி. பின்னர், 1983இல் மிலான் நகரத்துக் கண்காட்சியில் பானஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் மின்னணு ஜக்கார்டைக் காட்டியபொழுது, தறியிலிருந்து பிறந்த கணிப்பொறி தறிக்கே திரும்பி வந்தது. இன்று அட்டை குத்துபவருடைய வேலையையும், கட்டம் போட்ட தாளில் பூ எழுதுபவருடைய வேலையையும் அது பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜக்கார்டு பெட்டி நெசவாளியை நீக்கவில்லை. கயிறு இழுத்த சிறுவனையே நீக்கிற்று. அச்சிறுவன் பட்ட கஷ்டம் கொடியது, அது ஒழிந்தது நன்மையே. ஆயினும், அவ்வேலையின் வழியாகத் தறியருகே நின்று தொழில் கற்ற ஒரு படியும் உடன் போயிற்று. இதே காரியம் இன்று கணிப்பொறி உத்தியோகத்திலும் நடக்கத் தொடங்கியிருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை அறிவு வெளிவந்தபின், அதனால் மிகவும் பாதிக்கப்படக்கூடிய உத்தியோகங்களில் 22 முதல் 25 வயதுவரை உள்ளவர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட நூற்றுக்கு 13 பங்கு குறைந்தது என்று ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 2025இல் அமெரிக்கச் சம்பளக் கணக்குகளைக் கொண்டு எழுதினர். அனுபவம் பெற்றவர்களுக்கு அத்தகைய குறைவு நேரவில்லை. முதற்படியில் நிற்கும் இளைஞனையே இயந்திரம் முதலில் தொடுகிறது.

கூலி குறைந்த கதை

இனி இரண்டாவது கேள்வியாகிய கூலிக்கு வருவோம். இங்கிலாந்தில் கார்ட்ரைட் என்பவர் விசைத்தறிக்கு உரிமை பெற்றது 1785ஆம் ஆண்டில். அதன்பின் வெகுநாள் அது ஒழுங்காக ஓடவில்லை. 1813இல் பிரிட்டன் முழுவதிலும் விசைத்தறிகள் சுமார் 2,400 தாம் இருந்தன என்பர். கைத்தறி நெசவாளர் தொகையோ இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அப்படியிருந்தும் அக்காலத்திலேயே அவர்கள் கூலி சரியத் தொடங்கிவிட்டது. போல்டன் என்னும் ஊரில் 1805ஆம் ஆண்டையொட்டி வாரம் சுமார் 25 ஷில்லிங் வாங்கிய நெசவாளி, 1830ஐ அடுத்து 6 ஷில்லிங்குக்கும் கீழே வந்துவிட்டார்.

விசைத்தறி பெருகுவதற்கு முன்னரே கூலி விழுந்தது எப்படி? நூல் நூற்கும் இயந்திரங்கள் முந்தி வந்தமையால் நூல் மலிந்தது. நெசவில் நல்ல கூலி கிடைப்பதைக் கண்டு பலரும் அதில் வந்து நுழைந்தனர். தறிகாரர்கள் ஊருக்கு ஊர் சிதறி, தத்தம் வீட்டில் தனித்தனியே நெய்தார்கள். ஒருவர் மறுத்தால் அடுத்த வீட்டார் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டார். பின்பு விசைத்தறிகள் 1833இல் சுமார் ஒரு லட்சமாகப் பெருகியபொழுது, அவர்களுக்குப் பேரம் பேச யாதொரு வலிமையும் மிஞ்சவில்லை. கூலியை நிர்ணயிக்க ஒரு சபை வேண்டும் என்று பார்லிமெண்டைக் கெஞ்சினார்கள். 1835இல் அந்த மசோதா தள்ளுபடியாயிற்று. 1860ஐ ஒட்டிப் பருத்திக் கைத்தறி நெசவாளர் சில ஆயிரவர் என்னும் அளவுக்குக் குறைந்துவிட்டனர். கடைசிவரை தறியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களே மிகவும் பட்டினி கிடந்தனர்.

லியோன் நகரத்துச் சங்கதி இதனினும் நமக்கு நெருங்கியது. அங்கே தறி நெசவாளியின் சொந்தம். ஜக்கார்டு பெட்டியும் அவர் வீட்டிலேதான் இருந்தது. ஆனால் பட்டு நூலும் சந்தையும் வியாபாரிகள் கையில் இருந்தன. 1831ஆம் ஆண்டில் நெசவாளர்கள் ஒன்றுகூடி, குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு விகிதப் பட்டியல் வேண்டும் என்றனர். மாகாண அதிகாரி நடுவிருந்து பட்டியலும் ஏற்பட்டது. வியாபாரிகளில் ஒரு பகுதியார் அதற்குக் கட்டுப்பட மறுத்தனர். நவம்பரில் நகரமே கலகக்களமாயிற்று. படை வந்து அடக்கியது, பட்டியலும் ரத்தாயிற்று. அவர்கள் ஜக்கார்டு பெட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதில் நெய்யும் பட்டுத் துணிக்கு நியாயமான கூலியே கேட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். தறி சொந்தமாக இருந்தும், நூலும் சந்தையும் பிறர் கையில் இருந்தமையால் அவர்கள் கை தாழ்ந்தே இருந்தது.

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 1995-96ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர் சுமார் 65 லட்சம் பேர். 2009-10இல் அது 43 லட்சமாயிற்று. 2019-20இல் 35 லட்சம். இவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவர் ஸ்திரீகள். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்று அதே கணக்கு கூறுகிறது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை 1993இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. ஆயினும் முதலில் 22ஆக இருந்த ரகங்கள் பின்னர் 11ஆகக் குறைக்கப்பட்டன. விசைத்தறியில் நெய்த சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பது கடைத்தெருவில் சகஜமாயிற்று. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதனைக் காக்க விழித்திருக்கும் சங்கமும் வேண்டும்.

பங்கு கேட்டவர்கள்

மூன்றாவது கேள்வி, லாபம் யாருக்கு என்பது. இதில் நமக்குப் பாடமாகத் தக்க சில திருஷ்டாந்தங்கள் உண்டு.

அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் மூட்டை சுமந்தவர்கள், பாரந்தூக்கிகளும் பெரிய பெட்டகங்களும் வரப்போவதை முன்கூட்டியே அறிந்தனர். அவர்கள் தலைவராகிய ஹாரி பிரிட்ஜஸ், இயந்திரத்தைத் தடுப்பது நெடுநாள் செல்லாது, வருவதற்கு முன்னரே விலை பேசுவோம் என்னும் கொள்கையைப் பிடித்தார். 1960இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, முதலாளிகள் ஐந்தரை ஆண்டுகளில் சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர் ஒரு நிதியில் செலுத்தினர். பதிவு பெற்ற தொழிலாளர்களை நீக்குவதில்லை என்றும், முன்னதாக ஓய்வு பெறுவோருக்கு உதவித்தொகை என்றும் ஏற்பாடாயிற்று. இதற்கும் குறை உண்டு. பதிவு பெறாதவர்களுக்கும், பின்னால் வர வேண்டிய இளைஞர்களுக்கும் அந்த ஏற்பாட்டில் பங்கு குறைவே.

நம் தேசத்துப் பாங்கிகளிலும் இவ்வாறே நடந்தது. 1983இல் பாங்கி முதலாளிகளின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் கணிப்பொறியைப் பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்த வேலைக்கு எவ்வளவு இயந்திரம் என்று அளவு குறித்து, படிப்படியாகவே அது நுழைந்தது. ஆதலின் பேரேடு எழுதிய குமாஸ்தாக்கள் ஒரே நாளில் தெருவில் நிற்கவில்லை. ஆனால் 2000-01ஆம் ஆண்டில், சுயவிருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் பொதுத்துறைப் பாங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினர். உள்ளே இருந்தவர்களை உடன்படிக்கை காத்தது. வாசலில் காத்திருந்தவர்களுக்கு வாசல் சுருங்கிற்று.

2023ஆம் ஆண்டில் அமெரிக்கச் சினிமாக் கதாசிரியர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செயற்கை அறிவை ஆசிரியர் என்று குறிக்கலாகாது, அதனை உபயோகிக்கும்படி எந்த எழுத்தாளரையும் கம்பெனி வற்புறுத்தலாகாது என்னும் நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். அவர்கள் வெற்றி பெற்றதற்குக் காரணம், இயந்திரம் நன்றாக எழுதப் பழகுவதற்கு முன்னரே, தங்கள் கை இன்னும் தேவையாக இருந்த காலத்திலேயே பேசியதுதான். கை தேவையற்றுப் போன பின் பேசப் போகிறவனுடைய வார்த்தையை ஒருவரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

நம் வீட்டு நிலை

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நம் குலத்துப் பிள்ளைகள் பலர் தறியை விட்டுக் கணிப்பொறி உத்தியோகத்துக்குப் போயிருக்கிறார்கள். தந்தையின் தறியை இயந்திரம் நெருக்கியது, பிள்ளை இயந்திரத்தின் பக்கம் சேர்ந்துகொண்டான், இனிக் கவலையில்லை என்று நினைத்தோம். 2025 ஜூலையில் இந்தியாவின் மிகப் பெரிய கணிப்பொறிச் சேவைக் கம்பெனி, தன் ஊழியரில் நூற்றுக்கு 2 பங்கு, அதாவது சுமார் 12,000 பேரை நீக்கப் போவதாக அறிவித்தது. செயற்கை அறிவு காரணமன்று, திறமை பொருந்தாமையே காரணம் என்று கம்பெனியார் சொன்னார்கள். காரணம் எதுவாயினும், நடு வயதில் கடனும் குடும்பமும் உள்ளவர்களுக்கு அது பேரிடியே. உத்தியோகம் மாறியதனால் மட்டும் அந்த மூன்று கேள்விகளிலிருந்து நாம் தப்பிவிடவில்லை என்பதே இதனால் விளங்குவது.

ஈண்டு ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லாமல் விட்டால் என் கடமை நிறைவேறாது. நமது சங்கத்தில் தறியில் அமர்ந்து கூலிக்கு நெய்பவர்களும் இருக்கின்றனர். பாவும் பட்டும் கொடுத்துச் சேலை வாங்கும் முதலாளிகளும் இருக்கின்றனர். விசைத்தறிக் கூடமும் மின்னணு ஜக்கார்டும் வைத்திருப்பவர்களும் இருக்கின்றனர். கல்யாண பந்தியில் ஒரே வரிசையில் உட்காருகிறோம். கூலி பேசும்பொழுது எதிரெதிரே உட்காருகிறோம். இயந்திரம் வெளியூரிலிருந்து வந்த சத்துரு என்று பேசுவது எளிது. அதனை வாங்கி ஓட்டுபவர் பல சமயங்களில் நம் சம்பந்தியே. அவர் வாங்கியதைக் குற்றம் என்று நான் கூறவில்லை. போட்டியில் நிற்க அவருக்கும் வேறு வழி இராது. ஆனால் இயந்திரத்தால் கிடைத்த மிச்சத்தில் தறிகாரருக்கும், வேலை இழந்த அட்டை குத்துபவருக்கும் என்ன பங்கு என்று சங்கத்துக்குள்ளேயே பேச நாம் கூசுவோமாயின், குலாபிமானம் என்பது வெறும் மேடைப் பேச்சாய் முடியும். லியோன் நகரத்து நெசவாளியும் வியாபாரியும் ஒரே ஊரார்தாம். ஒரே கோயிலில் வணங்கியவர்கள்தாம். அது கலகத்தைத் தடுக்கவில்லை.

செய்யத்தக்கவை

அடியேன் சங்கத்தாருக்குப் பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்வன சில.

முதலாவது, சங்கத்திலேயே ஒரு கூலி விசாரணைக் குழு அமைய வேண்டும். கூலி நெசவாளரும் முதலாளிகளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். நெசவாளர் பக்கத்தில் ஸ்திரீகள் பாதிக்குக் குறையலாகாது. புதிய இயந்திரம் ஒன்று ஏறும்பொழுது, அதனால் யாருடைய வேலை போகிறது, அவருக்கு என்ன மாற்று என்பது, இயந்திரம் ஏறுவதற்கு முன்னரே அங்கு பேசப்பட வேண்டும்.

இரண்டாவது, பூவேலையின் உரிமையைக் காக்க வேண்டும். கணிப்பொறியில் ஏறிய ஒரு டிசைன் ஒரு நொடியில் நூறு ஊர்களுக்குப் போய்விடுகிறது. 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி, வெளியே காட்டுவதற்கு முன் பதிவு செய்துகொண்டால், 10 ஆண்டும், மேலும் புதுப்பித்தால் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. காஞ்சிபுரப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதனை உபயோகிக்கும் உரிமைக்கு ஒரு நெசவாளியும் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். இப்படிவங்களை நிரப்பிக் கொடுக்க, படித்த நம் இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்துக்கு வர வேண்டும்.

மூன்றாவது, கூட்டுறவு. 1935இல் நம் மாகாணத்துக் கைத்தறிக் கூட்டுறவு ஸ்தாபனம் தோன்றியது, நூலும் சந்தையும் பிறர் கையில் இருப்பதன் துன்பத்தை உணர்ந்ததனால்தான். இன்று நூலோடு கணிப்பொறியும் டிசைன் ஏடும் சேர்ந்துகொண்டன. பத்துக் குடும்பங்கள் கூடி ஒரு மின்னணு ஜக்கார்டை வாங்கினால், மிச்சம் அந்தப் பத்து வீட்டிலேயே தங்கும். ஒருவர் வாங்கி மற்ற ஒன்பது பேர் கூலிக்கு நெய்தால் கணக்கு வேறு.

நான்காவது, கல்வி நிதி. நம் நிதி இதுவரை பள்ளிச் சிறுவர்களுக்கே செல்கிறது. நாற்பது வயதில் வேலை இழந்தவருக்கு ஓராண்டு மறுபடி கற்கவும், குடும்பம் நடத்தவும் கடன் கொடுக்க ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். அவ்வாறே, முதற்படி அடைபட்டு நிற்கும் இளைஞர்களை, தொழில் நடத்தும் நம்மவர் ஆண்டுக்கு ஒருவரையேனும் தம்மிடம் வைத்துக் கற்பிக்க வேண்டும். இயந்திரம் செய்யும் காரியத்துக்கு ஆள் எதற்கு என்று நினைக்கலாகாது. இன்று கற்பியாவிட்டால், இயந்திரம் செய்ததைச் சரியா தவறா என்று பார்க்கத் தெரிந்தவர் இன்னும் இருபது ஆண்டில் ஒருவரும் இரார்.

ஐந்தாவது, பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தப் படிப்பு நிலைக்கும் என்று என்னைக் கேட்கிறார்கள். ஒரே படிப்பைச் சுட்டிக்காட்டி இதுவே என்றைக்கும் சோறு போடும் என்று சொல்ல எவராலும் இயலாது. ஒரு காரியத்தை மட்டும் பழகியவருக்கு அபாயம் அதிகம், தொழிலின் அடிமுதல் நுனிவரை அறிந்தவருக்கு அது குறைவு என்று மட்டும் சொல்லலாம். கோர்வைச் சேலை நெய்பவர் பாவு தோய்ப்பதிலிருந்து சேலையை மடிப்பதுவரை அறிந்திருப்பார். பிள்ளைகள் கணிப்பொறி கற்றாலும், வைத்தியம் கற்றாலும், கணக்குக் கற்றாலும் அத்தகைய முழு அறிவைத் தேடட்டும். உத்தியோக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதனை வாசிக்கட்டும். வேலை செய்யும் இடத்தில் சங்கம் இருந்தால் அதில் சேரட்டும்.

மகாஜனங்களே! பொறுமையோடு கேட்டீர்கள். மேலே கூறிய ஐந்தில் இரண்டையேனும் அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குள் நிறைவேற்றி, அதன் வரவு செலவை இந்தப் பத்திரிகையிலேயே வெளியிட வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். கூலி விசாரணைக் குழுவுக்கு உறுப்பினராக முன்வருவோர் இன்றைய கூட்டம் கலைவதற்கு முன் காரியதரிசியிடம் தம் பெயரைக் கொடுக்கலாம். முதலாளிகளின் பெயர்கள் முந்திவருமாயின் நம் குலத்துக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.